தலைவலிக்காக வந்தவரைத் திருப்பி அனுப்பிய குரு



மனச்சோர்வு மாத்திரைகளோட வரலாற்றைப் பத்திப் போன எபிசோட்ல பேசினோம். அதைக் கேட்டுட்டு ஒருத்தங்க வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. நாலு வருஷமா மாத்திரை எடுத்துக்கிறாங்க. அவங்க பெரியப்பா, "நம்ம ஆளுங்க ஆயிரக்கணக்கான வருஷமா இதையெல்லாம் தியானத்துலயே சரி பண்ணியிருக்காங்க. பத்து நாள் போய் உட்கார்ந்துட்டு வாம்மா, மாத்திரையைத் தூக்கிப் போட்டுடலாம்"னு சொல்றாராம். "நிறுத்திடவா?"ன்னு கேட்டிருந்தாங்க.

நான் டாக்டர் இல்லை. ஆனா அந்த 'ஆயிரக்கணக்கான வருஷம்' இருக்கே, அது வரலாற்றுக் கேள்வி. அதுல இருந்து ஆரம்பிக்கிறேன்.

1885, பர்மா. ஆங்கிலேயப் படை மாண்டலே அரண்மனைக்குள்ள நுழையுது. கடைசி மன்னர் தீபோவை மாட்டு வண்டியில ஏத்தி, அங்கிருந்து கப்பல்ல நாடு கடத்துறாங்க. நம்ம மகாராஷ்டிரா கடற்கரையில இருக்கிற ரத்னகிரியில 1916-ல அவர் இறந்து போனார்.

பர்மா மக்களுக்கு இது வெறும் அரசியல் தோல்வி இல்லை. மடங்களைக் காப்பாத்துறது மன்னரோட கடமை. மன்னரே இல்லைன்னா புத்தரோட போதனை அழிஞ்சிடுமேங்கிற பயம் வந்தது. அன்னைக்குத் துறவிகள்லகூட தியானத்துல இறங்கினவங்க கொஞ்சம் பேர்தான். மத்தவங்களுக்கு நூல்களைப் படிக்கிறதும் பாதுகாக்கிறதும்தான் பிரதானம். குடும்பஸ்தங்களுக்குத் தானம், வழிபாடு, அவ்வளவுதான்.

இந்த இடத்துல வர்றவர்தான் லெடி சயாடோ (1846–1923). அரசன் காப்பாத்த முடியாததை மக்களே காப்பாத்தட்டும்னு அவர் நினைச்சார். எளிய பர்மிய மொழியில எழுதினார், ஊர் ஊராப் போய்ப் பேசினார், குடும்பஸ்தங்களும் தியானம் செய்யலாம்னு சொன்னார். அதாவது, தியான முறைகள் பழைய நூல்கள்ல இருக்கு, உண்மைதான். ஆனா ஆபீஸ் போறவங்களும் விவசாயிங்களும் கூட்டமா உட்கார்ந்து தியானம் செய்யுற வழக்கம், சுமார் நூற்று நாப்பது வருஷத்துக்கு முன்னாடி ஒரு காலனிய நெருக்கடியில வளர்ந்தது.

லெடி சயாடோவோட சீடர் சயா தெட்ஜி ஒரு விவசாயி. அவர்கிட்ட கத்துக்கிட்டவர் ஊ பா கின், அரசாங்க அதிகாரி. 1948-ல பர்மா சுதந்திரம் வாங்கினப்போ நாட்டோட அக்கவுன்டன்ட் ஜெனரல் ஆனவர். வேலையில இருந்துகிட்டே 1952-ல ரங்கூன்ல ஒரு தியான மையம் தொடங்கினார்.

1955-ல அவரைத் தேடி ஒரு இளம் தொழிலதிபர் வந்தார். மாண்டலேயில பிறந்த மார்வாரி, எஸ்.என்.கோயங்கா. கடுமையான ஒற்றைத் தலைவலி. வலிக்கு மார்ஃபின் ஊசி போட்டுப் போட்டு, அதுவே பழக்கமாகிடுமோன்னு பயம். ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான்னு போயும் டாக்டர்களால குணப்படுத்த முடியலை.

ஊ பா கின் என்ன செஞ்சார் தெரியுமா? சேர்த்துக்க மாட்டேன்னுட்டார். தலைவலியைப் போக்கத்தான் வந்திருக்கேன்னா, இது அதுக்கான இடம் இல்லை, தர்மத்தை ஒரு வைத்தியமாக் குறைச்சுடாதீங்கன்னு சொல்லி அனுப்பிட்டார். கோயங்காவே பின்னாடி பலமுறை சொன்ன கதை இது. நோக்கத்தை மாத்திக்கிட்டுத் திரும்பி வந்தப்புறம்தான் இடம் கிடைச்சது. 1969-ல அவர் இந்தியா வந்து சொல்லிக்கொடுக்க ஆரம்பிச்சார். பெரியப்பா சொல்ற அந்தப் 'பத்து நாள்' விபாசனா முகாம் அந்த வழியில வந்ததுதான்.

இந்தப் பரம்பரையிலயும், மகாசி சயாடோங்கிற இன்னொரு பர்மியத் துறவியோட வழியிலயும் கத்துக்கிட்ட அமெரிக்க இளைஞர்கள் சிலர், 1970-கள்ல மாசசூசெட்ஸ் மாநிலத்துல பாரேங்கிற ஊர்ல ஒரு மையம் தொடங்கினாங்க. 1979-ல அங்க தியானத்துக்குப் போன ஜான் கபாட்-ஜின், எம்.ஐ.டி.யில மூலக்கூறு உயிரியல் படிச்சவர். இதை ஏன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகக்கூடாதுன்னு அவருக்குத் தோணுச்சு. அதே வருஷம் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில ஒரு கிளினிக் தொடங்கினார். மத பாஷையை ஒதுக்கிட்டு எட்டு வாரப் பயிற்சியா மாத்தினார். தீராத வலியோட இருந்தவங்களை டாக்டர்கள் அங்க அனுப்பினாங்க. ஊ பா கின் வேண்டாம்னு சொன்ன விஷயம் இப்போ ஆஸ்பத்திரியிலயே நடக்க ஆரம்பிச்சது.

மனச்சோர்வு இந்தக் கதைக்குள்ள வந்தது 1990-கள்லதான். சிண்டெல் சீகல், மார்க் வில்லியம்ஸ், ஜான் டீஸ்டேல்னு மூணு உளவியலாளர்கள். அவங்க கவலை ரொம்பக் குறிப்பானது. மனச்சோர்வு சரியாகுது, ஆனா திரும்பி வருதே! பலமுறை வந்தவங்களுக்குச் சின்ன வருத்தம்கூடப் பழைய எண்ணங்களை எல்லாம் இழுத்துட்டு வந்துடுது. 'நான் எதுக்கும் லாயக்கில்லை'ங்கிறது ஒரு எண்ணம்தான், உண்மை இல்லைன்னு அந்த நேரத்துலயே கவனிக்கப் பழக்கினா என்ன? கபாட்-ஜின் முறையோட அறிவாற்றல் சிகிச்சையைச் சேர்த்தாங்க.

2000-ல முடிவு வெளியானது. 145 பேர். எல்லாரும் அப்போ குணமாகி இருந்தவங்க. மூணு முறையோ அதுக்கு மேலயோ மனச்சோர்வு வந்தவங்கள்ல, வழக்கமான சிகிச்சை மட்டும் எடுத்தவங்களுக்கு 66 சதவீதம் பேருக்கு 60 வாரத்துக்குள்ள திரும்பி வந்தது. பயிற்சியும் எடுத்தவங்கள்ல 37 சதவீதம். பெரிய வித்தியாசம். ஆனா ரெண்டு முறை மட்டும் வந்தவங்களுக்குப் பலனே தெரியலை. 2004-ல பிரிட்டனோட மருத்துவ வழிகாட்டுதல், மூணு முறையோ அதுக்கு மேலயோ வந்தவங்களுக்குன்னு குறிப்பிட்டுத்தான் இதைப் பரிந்துரைச்சது.

நான் ரொம்ப மதிக்கிறது இந்த அடக்கத்தைத்தான். எல்லாருக்கும் எல்லாமும்னு அவங்க சொல்லலை. யாருக்கு, எப்போன்னு சொன்னாங்க.

இப்போ மாத்திரை கேள்விக்கு வர்றேன். 2015-ல 424 பேரை வெச்சு நேரடியா ஒப்பிட்டாங்க. ஒரு பக்கம், இந்தப் பயிற்சியோட சேர்த்து டாக்டர் உதவியோட மாத்திரையைக் குறைச்சவங்க. இன்னொரு பக்கம், மாத்திரையைத் தொடர்ந்தவங்க. ரெண்டு வருஷத்துல திரும்பி வந்தது 44 சதவீதம், 47 சதவீதம். மாத்திரையை விடப் பயிற்சி மேல்னு நிரூபணம் ஆகலை, கிட்டத்தட்ட சமம். பதற்றத்துக்கு 2022-ல 276 பேரை வெச்சு ஒரு ஆய்வு வந்தது. எட்டு வாரப் பயிற்சி எஸ்சிடலோபிராம் மாத்திரைக்குக் குறையாத பலன் தந்தது. ஆனா தினமும் முக்கால் மணி நேரம் வீட்டுல பயிற்சி செய்யணும்.

அந்தத் தோழிக்கு என் பதில் இது. உங்க பெரியப்பா அக்கறையாத்தான் சொல்றார், தியானம் வெறும் நம்பிக்கையும் இல்லை. ஆனா 'தூக்கிப் போடு'ங்கிறது இந்த வரலாற்றுல எங்கயுமே இல்லை. கோயங்கா வழி முகாம்களோட விதிமுறையே, இது மனநல சிகிச்சைக்கு மாற்று இல்லைன்னு சொல்லுது. அதை அவருக்குக் காட்டுங்க. எனக்கு எத்தனை முறை வந்திருக்கு, இப்போ எந்த நிலையில இருக்கேன், இந்தப் பயிற்சி எனக்குச் சரிப்படுமா, குறைக்கிறதா இருந்தா எப்படின்னு உங்க டாக்டர்கிட்ட கேளுங்க. அதுவரைக்கும் இன்னைக்கு ராத்திரி மாத்திரையைப் போட்டுட்டுத் தூங்குங்க.

கேட்கிற யாருக்காவது இப்போ ரொம்பக் கஷ்டமா இருந்தா, 14416, டெலி மனஸ். 24 மணி நேரமும் இலவசம், தமிழ்லயே பேசலாம்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.