ஒரு மூலக்கூற்றுத் தடிப்பு: நீர்ப்பரப்பு ஆய்வின் வரலாறும் எல். ஏ. ராமதாஸின் பணியும்

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக லக்கல நோக்கிச் செல்லும் பாதையின் உயர்ந்த பகுதியில் ரிவர்ஸ்டன் அமைந்துள்ளது. ஆங்கிலேயர் நக்கிள்ஸ் என்றும் சிங்கள மக்கள் தும்பர என்றும் வழங்கிவந்த மலைத்தொடரின் வடபாகம் இது. ஓயாது வீசும் காற்றினால் இங்குள்ள மரங்கள் குறுகி வளைந்து வளர்ந்துள்ளன. ஆண்டின் பெரும்பகுதியில் மூடுபனி இம்மரங்களைத் தழுவி நிற்கின்றது. இப்பகுதியின் நீரைச் சேர்த்துச் செல்லும் தெல்கமு ஓயா களு கங்கையில் கலக்கின்றது. களு கங்கை அம்பன் கங்கையை அடைகின்றது. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு அமைத்த பராக்கிரம சமுத்திரத்துக்கு நீரளித்தது அம்பன் கங்கையே. 2018இல் நிறைவெய்திய மொரகஹகந்த, களு கங்கை நீர்த்தேக்கங்களும் இவ்வாற்றுத் தொகுதியையே நம்பியுள்ளன.

மலையில் துளியாகச் சேரும் நீர் வறண்ட வலயத்தில் பரந்த தேக்கமாக விரிகின்றது. தேக்கம் விரியவிரிய வெயிலுக்கும் காற்றுக்கும் அது இழக்கும் நீரின் அளவும் கூடுகின்றது. சிறுபோகத்தை நம்பியிருக்கும் உழவனுக்கு இவ்விழப்பு ஏட்டுக் கணக்கு அன்று; விதைப்பதா, நிலத்தைத் தரிசாக விடுவதா என்னும் வினாவே அது. நீரின் மேற்பரப்பை ஒரேயொரு மூலக்கூற்றின் தடிப்புள்ள படலத்தால் மூடி இவ்விழப்பைத் தடுக்கலாம் என்னும் நம்பிக்கை கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் விஞ்ஞானிகளிடையே வலுப்பெற்றிருந்தது. அந்நம்பிக்கை எவ்வாறு தோன்றியது, எவ்விடத்தில் தன் எல்லையைக் கண்டது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எண்ணெய் நீரின்மீது பரவி அலையை அடக்கும் என்பது கடலோடிகள் நெடுங்காலமாக அறிந்த செய்தி. இலண்டனை அடுத்த கிளாப்பம் குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெயை ஊற்றி, அது ஏறத்தாழ அரை ஏக்கர் பரப்பை அமைதிப்படுத்தியதைப் பெஞ்சமின் பிராங்ளின் 1774இல் அறிக்கையிட்டார். அவ்வளவு சிறிய கனவளவு அவ்வளவு பெரிய பரப்பில் விரியுமாயின் படலத்தின் தடிப்பு யாது என்று அவர் கணக்கிடவில்லை. அக்கணக்கு நூறாண்டுக்கு மேல் காத்திருந்தது. 1890இல் றேலிப் பிரபு ஒலிவ எண்ணெய்ப் படலத்தின் தடிப்பை ஏறத்தாழ 1.6 நனோமீற்றர் எனக் கண்டார். மூலக்கூறு என்ற ஒன்று உண்மையிலேயே உளதோ என அறிஞர் சிலர் ஐயுற்றிருந்த காலத்தில், சாதாரண எண்ணெயும் நீரும் அதன் பருமனுக்குச் சான்று பகர்ந்தன.

இத்துறையின் அடிப்படைக் கருவி பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் உருவானதன்று என்பது சிந்தனைக்குரியது. ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் வாழ்ந்த ஆக்னஸ் போக்கல்ஸ் (1862–1935) பெண் என்ற காரணத்தால் உயர்கல்வி மறுக்கப்பட்டவர். நோயுற்ற பெற்றோரைப் பேணி, வீட்டு வேலைகளைச் செய்துவந்த அவர், சமையலறையில் தகரத் தொட்டி ஒன்றை அமைத்தார். தொட்டிக்குக் குறுக்கே ஒரு தகரக் கீற்றை நகர்த்தி நீர்ப்பரப்பைச் சுருக்கவும் விரிக்கவும் செய்தார். பரப்பில் தொட்டிருக்கும் சிறு வட்டைத் தராசினால் மேலிழுத்து மேற்பரப்பிழுவிசையை அளந்தார். பௌதிகவியல் பயின்ற தம்பியின் நூல்களே அவருக்குப் பல்கலைக்கழகமாயின. 1891 சனவரியில் தம் முடிவுகளை அவர் றேலிக்குக் கடிதமாக எழுதினார். றேலியின் மனைவி அதனை ஆங்கிலத்தில் பெயர்த்தார். அவ்வாண்டு மார்ச் 12ஆந் திகதி ‘நேச்சர்’ இதழில் அது வெளிவந்தது. பிரவுன்ஷ்வைக் தொழினுட்பக் கல்லூரி அவருக்குக் கௌரவக் கலாநிதிப் பட்டம் வழங்கியபோது ஆண்டு 1932. அவருக்கு வயது எழுபது.

அதே 1932இல் அமெரிக்க இரசாயனவியலாளர் இர்விங் லாங்மியூர் மேற்பரப்பு இரசாயனவியலுக்காக நோபெல் பரிசு பெற்றார். போக்கல்ஸின் தொட்டியைச் செம்மைப்படுத்தி 1917இல் அவர் வெளியிட்ட ஆய்வு நீர்ப்பரப்பில் மூலக்கூறுகள் நிற்கும் முறையை விளக்கிற்று. கொழுப்பமில மூலக்கூற்றின் தலை நீரை விரும்புவது. அதன் நீண்ட ஐதரோகாபன் வால் நீரை வெறுப்பது. நெருக்கப்பட்ட படலத்தில் தலைகள் நீரில் ஊன்ற, வால்கள் காற்றை நோக்கி நிமிர்கின்றன. வால் நீண்டாலும் குறுகினாலும் ஒவ்வொரு மூலக்கூறும் பிடிக்கும் பரப்பு மாறுவதில்லை. அது ஏறத்தாழ 0.2 சதுர நனோமீற்றர். நெல் வயலில் செறிந்து நிற்கும் கதிர்களை இந்நிலைக்கு உவமையாகக் கூறலாம். இவ்வளவு நெருங்கி நிற்கும் வால்களினூடே நீர் ஆவி எளிதில் வெளியேறுமோ என்ற வினா இயல்பாகவே எழுந்தது. 1920களில் கேம்பிறிட்ஜில் றிடீலும் அமெரிக்காவில் லாங்மியூரும் நிகழ்த்திய சோதனைகள், பொருத்தமான படலம் ஆவியாதலைக் குறைக்கும் எனக் காட்டின.

இக்காலத்தில் நம் பிராந்தியத்திலும் நீர்ப்பரப்பு பற்றிய ஆய்வு முளைவிட்டிருந்தது. 1921இல் கடற்பயணம் செய்த சி. வி. இராமன், கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பே என்னும் கூற்றைச் சோதித்தார். நிக்கல் அரியத்தின் உதவியால் மேற்பரப்பிலிருந்து தெறிக்கும் ஒளியை விலக்கி, நீரின் உள்ளிருந்து சிதறும் ஒளியே நீலத்துக்குக் காரணம் என்றார். ஆழத்தைக் காண அவர் விலக்கிய மேற்பரப்பே சில ஆண்டுகளில் அவரது ஆய்வுப்பொருளாயிற்று. அப்பணியில் அவருக்குத் துணைநின்றவர் பாலக்காட்டைச் சேர்ந்த எல். ஏ. ராமதாஸ். கல்கத்தாவில் இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தின் ஆய்வுகூடத்தில் இருவரும் 1925ஆம் ஆண்டளவில் திரவப் பரப்புகள் ஒளியைச் சிதறச் செய்வதை ஆராய்ந்து அரச கழக வெளியீட்டில் எழுதினர். கண்ணாடிபோல் அசைவற்றுத் தோன்றும் நீர்ப்பரப்பும் மூலக்கூறுகளின் வெப்ப அசைவினால் ஓயாது நுண்மையாகச் சுருங்கி நெளிகின்றது. அந்நெளிவே ஒளியைச் சிதறடிக்கின்றது. 1927இல் அவர்கள் நீருக்கும் காற்றுக்கும் இடைப்பட்ட மாறுபடலத்தின் தடிப்பை ஒளியியல் முறையால் ஆராய்ந்து, தூய பரப்பில் அது மூலக்கூற்று அளவினதே என்ற முடிவுக்கு வந்தனர்.

ராமதாஸ் பின்னர் வளிமண்டலவியலுக்குச் சென்றார். 1932இல் பூனாவில் தொடங்கிய விவசாய வளிமண்டலவியல் பிரிவு அவரது பொறுப்பில் வளர்ந்தது. இதனைத் துறைமாற்றம் எனக் கொள்வது மேலோட்டமான நோக்காகும். இரு ஊடகங்கள் சந்திக்கும் எல்லையில் நிகழ்வது யாது என்பதே அவர் வாழ்நாள் முழுதும் கேட்ட வினா. தெளிந்த இரவில் தரையை ஒட்டிய காற்றே மிகக் குளிர்ந்தது எனக் கருதப்பட்டிருக்க, அதற்குச் சில பத்துச் சதமமீற்றர் மேலேயே வெப்பநிலை மிகத் தாழ்வதை அவரும் ஆத்மநாதனும் 1932இல் கண்டனர். இதனைப் பலர் முதலில் நம்பவில்லை. இன்று ‘ராமதாஸ் படை’ என்று வழங்கும் இதற்கு 1993இல் பெங்களூரில் ரொத்தம் நரசிம்மாவும் உடனாய்வாளர்களும் விரிவான கொள்கை விளக்கம் ஒன்றை அளித்தனர். அதன் பின்னரும் விவாதம் தொடர்ந்தது.

1950களில் ராமதாஸின் முற்கால ஆய்வும் பிற்கால ஆய்வும் ஒன்றிணைந்தன. அவுஸ்திரேலியாவின் வறண்ட நிலங்களில் நீர்த்தேக்கங்களைச் சீற்றைல் அற்ககோல் படலத்தால் மூடும் முயற்சியை மான்ஸ்பீல்ட் முன்னெடுத்து, 1955இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். புதுதில்லி தேசியப் பௌதிக ஆய்வுகூடத்தில் ராமதாஸும் இப்பொருளை எடுத்துக்கொண்டார். ஏரிகளையும் குளங்களையும் நம்பி வாழும் நாட்டுக்கு இதனினும் பயன்தரும் ஆய்வு வேறு யாது எனத் தோன்றியமை வியப்பன்று. கணக்கும் அவ்வாறே ஆசை காட்டிற்று. ஒவ்வொரு மூலக்கூறும் 0.2 சதுர நனோமீற்றர் பிடிக்குமாயின், ஒரு ஹெக்டேர் நீர்ப்பரப்பை மூட ஏறத்தாழ 20 கிராம் சீற்றைல் அற்ககோல் போதுமானது. ஒரு பிடி மெழுகுத் துகளால் ஒரு குளத்தையே காக்கலாம் என்பது இதன் பொருள்.

ஆயினும் குளம் ஆய்வுகூடத் தொட்டி அன்று. தொட்டியில் ஆவியாதலைப் பெரிதும் குறைத்த படலம் திறந்த நீரில் அப்பயனின் ஒரு பகுதியையே தந்தது. காற்று வினாடிக்குச் சில மீற்றர் வேகத்தை எட்டியதும் படலம் ஒரு கரைக்கு ஒதுங்கிக் குவிந்தது. அலை அதனை உடைத்தது. பற்றீரியங்கள் அதனை உணவாக்கின. இழந்த படலத்தை மீண்டும் மீண்டும் இடவேண்டியிருந்ததால் 20 கிராம் என்ற கணக்கு ஏட்டளவில் நின்றது. வெயில் கடுமையாகும் மாதங்களில் காற்றும் கடுமையாக வீசும் எமது வறண்ட வலயத்தில் இத்தடை இரட்டிக்கின்றது. படலம் மிகத் தேவைப்படும் காலத்திலேயே அது நிலைக்க மறுக்கின்றது.

இதனை விஞ்ஞானத்தின் தோல்வி எனக் கூறுவது தவறு. மூலக்கூறு பற்றிய கூற்று எதுவும் பொய்க்கவில்லை. குளம் என்பது காற்றும் உயிரிகளும் மக்களும் கூடிய தொகுதி என்பது கணக்கில் இடம்பெறாததே குறை. அத்தொகுதியின் தலைப்பகுதி ரிவர்ஸ்டன் போன்ற இடங்களிலேயே உளது. படலத்தைக் கிழிக்கும் காற்று இங்கே மூடுபனியை மரங்களின் ஊடாகச் செலுத்துகின்றது. இலைகளிலும் பாசிகளிலும் மோதும் நுண்துளிகள் மேற்பரப்பிழுவிசையால் ஒன்றுகூடிப் பெருத்து நிலத்தில் சொட்டுகின்றன. மழைமானி முழுமையாகப் பதிவுசெய்யாத வரவு இது. போக்கல்ஸ் தராசில் அளந்த அதே விசை கீழே இழப்பின் வாயிலிலும், மேலே வரவின் வாயிலிலும் தொழிற்படுகின்றது.

19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காக மாத்தளை மலைகளின் காடுகள் வெட்டப்பட்டன. தென்னிந்தியாவிலிருந்து கால்நடையாக வந்த தமிழ்த் தொழிலாளரின் உழைப்பில் அத்தோட்டங்கள் எழுந்தன. இலாபம் கடல் கடந்தது. பின்னர் எஞ்சிய காடுகளின் நிழலில் ஏலம் பயிராயிற்று. நக்கிள்ஸ் காடுகள் 2000ஆம் ஆண்டிலேயே பாதுகாப்பு வனமாக அறிவிக்கப்பட்டன. 2010இல் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமையின் ஒரு பகுதியாயின. ஒரு மரத்தை வெட்டுகையில் பனிநீரைப் பிடிக்கும் எத்தனை சதுர மீற்றர் பரப்பு அழிகின்றது என்பதைக் கோப்பிக் கணக்கேடுகள் எழுதியதில்லை.

நீர்ப்பரப்பு ஆய்வு இன்றும் முடிவுறவில்லை. 1987இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் ஐசந்தாலும், பின்னாளில் இராமன் பணியாற்றிய அதே கல்கத்தாச் சங்கத்தின் பணிப்பாளரான கன்கன் பட்டாச்சாரியாவும், மேற்பரப்பு மூலக்கூறுகளை மட்டும் இனங்காட்டும் லேசர் முறையால் நீர்ப்பரப்பில் நிகழும் இரசாயனத் தாக்கத்தை ஆராய்ந்தனர். 1993இல் பேர்க்லியில் ஷென் குழுவினர், பரப்பிலுள்ள மூலக்கூறுகளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்டவை ஓர் ஐதரசன் கரத்தை எப்பிணைப்பும் இன்றிக் காற்றில் நீட்டிநிற்பதைக் கண்டனர்.

சமையலறைத் தொட்டியிலிருந்து லேசர் வரையான இவ்வரலாறு இரு செய்திகளை வலியுறுத்துகின்றது. நுண்ணிய உண்மையைக் காண விலையுயர்ந்த கருவியும் உயர்ந்த பதவியும் முன்நிபந்தனைகள் அல்ல என்பது ஒன்று. கண்ட உண்மையை மக்களின் நீராக்குவதற்கு மூலக்கூற்று அறிவோடு காற்றையும் காட்டையும் குளத்தையும் பற்றிய அறிவும் சேரவேண்டும் என்பது மற்றது. ராமதாஸ் இவ்விரண்டையும் ஒரே வாழ்நாளில் இணைக்க முயன்றார். குளத்தின்மேல் படலத்தை நிலைநிறுத்தும் வழி இன்னும் கைகூடவில்லை; குளத்துக்கு நீரனுப்பும் காட்டைப் பேணும் வழி நாம் அறிந்ததே.