தாலிக்கு முன்னால் ஒரு கேமரா

தமிழ் சினிமாவைக் கட்டுடைக்க நம்மிடம் ஆட்கள் உண்டு. வீட்டு பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் கிடக்கும் கல்யாண கேசட்டை ஒரு பிரதியாக எடுத்து வாசித்தவர்கள் குறைவு. குடும்பம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும் கதை அதில்தான் இருக்கிறது. அதைப் படம்பிடித்தது காசுக்கு வந்த வீடியோக்காரரா, கையில் கேமரா இருந்த ஒரே காரணத்தால் மாட்டிக்கொண்ட நண்பனா என்பது சில்லறை விஷயமல்ல. சாட்சி, சாதி, அதிகாரம் மூன்றும் இந்தக் கேள்விக்குள் வருகின்றன.

1976இல் ஜேவிசி கம்பெனி விஎச்எஸ் கேசட்டைக் கொண்டுவந்தது. இந்தியாவில் 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ணத் தொலைக்காட்சி வந்தது. அதன் பின்னாலேயே வீடுகளுக்குள் டெக் நுழைந்தது. எண்பதுகளின் நடுவில் கேமராவும் பதிவுக்கருவியும் ஒரே உடலாகித் தோளில் ஏறியபின், ஸ்டூடியோக்காரர்கள் மணவறைக்கு வந்தார்கள். கூடவே லைட் பிடிக்க ஒரு பையன். சடங்கின் ஒழுங்கே மாறிப்போனது. "தாலிய அப்படியே புடிச்சிக்கிட்டு இங்க பாருங்க மாப்ள" என்று வீடியோக்காரர் சொன்னால் மாப்பிள்ளை பார்க்கிறார், ஐயர் காத்திருக்கிறார், கெட்டிமேளமும் காத்திருக்கிறது. முகூர்த்தத்தின் மீதான அதிகாரத்தில் பாதி புரோகிதரிடமிருந்து லென்சுக்குக் கைமாறியது. பகுத்தறிவுப் பிரச்சாரத்தால் ஆகாததை வீடியோக்காரர் செய்துவிட்டார் என்று சிரித்துக்கொள்ளலாம். ஆனால் அதிகாரம் இடம்தான் மாறியது.

புகைப்படம் பற்றி 1965இல் வெளிவந்த நூலில் பியர் பூர்தியு, குடும்பமும் சமூகமும் ஏற்கெனவே புனிதமாக்கிவைத்ததையே கேமரா பதிவு செய்கிறது என்ற பொருளில் வாதிட்டார். நம் கேசட்டுகளுக்கு இது அப்படியே பொருந்தும். சீர்வரிசையின் மேல் கேமரா நிதானமாக நகரும். பித்தளை அண்டா, கட்டில், பீரோ, வாசலில் நிற்கும் வண்டி எல்லாம் வரும். முந்தின ராத்திரி கைமாறிய ரொக்கம் வராது. 1961லேயே வரதட்சணைத் தடைச் சட்டம் வந்துவிட்ட நாட்டில், கொடுக்கல் வாங்கலை அன்பளிப்பு என்று மொழிபெயர்த்துத் தருகிறது கேசட். பிறகு மிக்சிங். நாதஸ்வரத்தையும் பேச்சையும் அழுகையையும் அழித்துவிட்டு மேலே ஒரு சினிமாப் பாட்டு. பெண் அழுவது தெரியும், கேட்காது.

இதற்குப் பக்கத்தில் கத்துக்குட்டியின் கேசட்டை வைத்துப் பார்க்க வேண்டும். சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ லீவில் வந்த சித்தப்பா, அல்லது அவரிடம் கேமராவை இரவல் வாங்கிய நண்பன். இவர் சொன்னால் யாரும் நிற்கமாட்டார்கள். "தள்ளுப்பா, மறைக்கிற" என்று வீடியோக்காரர் விரட்டுவார். முன்னால் இடம் கிடைக்காததால் பக்கவாட்டில் நின்று எடுப்பார். அதனாலேயே ஸ்டூடியோ கேசட்டில் ஒருபோதும் தென்படாத வீடியோக்காரர் இவர் படத்தில் இருப்பார். சடங்கு எப்படி இயக்கப்படுகிறது என்பது வெளிச்சமாகிவிடும். போரடித்தால் சமையல்கட்டுப் பக்கம் போவார். அண்டா கழுவுகிற பெண்கள், கடைசிப் பந்திக்குக் காத்திருக்கும் மேளக்காரர்கள் வருவார்கள். "இன்னும் அஞ்சு பவுன் பாக்கி இருக்குல்ல" என்று யாராவது முணுமுணுத்தால் அதுவும் பதிவாகும். மிக்சிங் இல்லாததால் அழியாது.

இதைக் கொண்டாடிவிடவும் முடியாது. இவரும் பங்காளிதான். பேர் தெரிந்த முகங்களுக்கு ஜூம் போவார். இலை எடுக்கிறவர் முகத்துக்கு அரை நொடி. அமெரிக்க அமெச்சூர் சினிமாவின் வரலாற்றை 1995இல் எழுதிய பாட்ரிசியா சிம்மர்மான், பொதுவெளிக்கு வந்திருக்கக்கூடிய கேமரா குடும்பத்துக்குள் எப்படி அடைக்கப்பட்டது என்பதைக் காட்டினார். நம்மிடம் அந்தக் குடும்பத்தோடு சாதியும் ஒட்டிக்கொண்டு வருகிறது.

அப்படியானால் குடும்பமே வராத கல்யாணத்தில் யார் பார்ப்பது, யார் எடுப்பது? சட்டத்தின் வரலாறே இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் ஓடுகிறது. சுயமரியாதைத் திருமணம் ஒன்றைச் செல்லாது என்று 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1967இல் அண்ணா அரசு கொண்டுவந்த திருத்தம் அத்தகைய திருமணங்களைச் செல்லுபடியாக்கியது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் இருவரும் தங்களுக்குப் புரியும் மொழியில் அறிவித்தாலோ, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலோ, தாலி கட்டினாலோ போதும். புரோகிதர் தேவையில்லை, நண்பர் போதும். வழக்கறிஞர்கூட நண்பர் என்ற முறையில் முன்னின்று நடத்தலாம், ஊரறிய அறிவிக்க வேண்டியதில்லை என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

சாதி மறுப்புத் திருமணத்தில் பெரும்பாலும் ஸ்டூடியோ இல்லை, பந்தி இல்லை. பதிவு அலுவலகத்திலோ கட்சி அலுவலகத்திலோ ஒரு தோழனோ தோழியோ செல்போனைப் பிடித்து நிற்கிறார். "பேரச் சொல்லு, வயசச் சொல்லு, யாரும் கட்டாயப்படுத்தலன்னு சொல்லு." கை நடுங்கி எடுத்த அந்தப் படம்தான் போலீசுக்கும் ஊருக்கும் போகிறது. குடும்பத்தைப் புனிதமாக்கவே பழகிய கத்துக்குட்டிக் கேமரா இங்கே குடும்பத்துக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டதைக் கண்காணிப்புக் கேமரா பதிவு செய்தது, நாடே பார்த்தது. நண்பர் எடுக்கும் படம் அப்படியொரு படம் உருவாகாமலிருக்க எடுக்கப்படுவது. 2024 ஜூனில், சாதி மறுப்புத் திருமணம் நடத்திவைத்ததற்காக நெல்லையில் சிபிஎம் அலுவலகம் அடித்து நொறுக்கப்பட்டது. முன்னிலை வகிப்பவர்களுக்கு என்ன விலை என்று காட்டவே அது நடந்தது.

ஆகவே அந்தப் படத்தை எப்படி எடுப்பது என்பதும் அரசியல்தான். வெட்டாமல், பாட்டுச் சேர்க்காமல், ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும். எடுத்த போனையும் மூலப் பதிவையும் பத்திரமாக வைக்க வேண்டும். மின்னணுப் பதிவின் நகலை நீதிமன்றத்தில் காட்டச் சான்றிதழ் வேண்டும். முன்பு சாட்சியச் சட்டத்தின் 65-பி, 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தின் 63ஆம் பிரிவு. திருமணப் பதிவுக்கு வீடியோ மாற்றாகாது. இதில் ஒரு சிக்கல் உண்டு. சாட்சிகளின் முகம் தெரிந்தால்தான் படத்துக்கு வலு. முகம் தெரிந்தால் அடுத்த குறி அவர்கள்தான். எனவே இரண்டு படம் எடுப்பது நல்லது. இடமும் சாட்சிகளும் தெரிகிற படம் வழக்கறிஞர் கையில் இருக்கட்டும். மணமக்கள் மட்டும் பேசுகிற படம் வெளியே போகட்டும்.