தடிமன் சரியாச்சு, பார்வை ஏன் சரியாகலை?

இன்னைக்கு அரை மில்லிமீட்டர் கதை. நம்ம கண்ணோட முன்பக்கக் கண்ணாடியான கார்னியா, நடுவுல சுமார் 0.54 மில்லிமீட்டர் தடிமன்தான். கெரட்டோகோனஸ் வந்தா அது மெலிஞ்சு, கூம்பு மாதிரி துருத்திக்கும். பெரும்பாலும் பதின்வயசுலயும் இருபதுகள்லயும் முத்துற நோய். அதாவது, நம்ம செட்.

1854-லயே லிவர்பூல் டாக்டர் ஜான் நாட்டிங்ஹாம் இதைப் பத்தி ஒரு முழுப் புத்தகம் எழுதிட்டார். ஆனா கார்னியாவை மாற்றும் வழி கிடைக்க இன்னும் அரை நூற்றாண்டு ஆச்சு.

1905 டிசம்பர் 7. இன்றைய செக் குடியரசில் இருக்கும் ஓலோமோட்ஸ் நகரம். சுண்ணாம்பு பட்டு இரண்டு கண்ணும் வெந்துபோன அலோய்ஸ் குளோகர் என்ற கூலித் தொழிலாளி, எட்வார்ட் சிர்ம் என்ற டாக்டர்கிட்ட வந்திருந்தார். அதே சமயம், இரும்புத் துண்டு பாய்ந்த ஒரு 11 வயசுப் பையனின் கண்ணை எடுக்க வேண்டிய நிலை. உள்ளே சிதைஞ்சிருந்தாலும் கார்னியா நல்லா இருந்தது. சிர்ம் அதை குளோகரின் இரண்டு கண்ணுக்கும் வைத்தார். ஒன்று தோற்றது. இன்னொன்று தெளிவா நின்றது. மனுஷன் வேலைக்கே திரும்பிட்டார்!

கெரட்டோகோனஸுக்கு இதைச் செய்து வெற்றி கண்டவர் ரமோன் காஸ்ட்ரோவியேஹோ, நியூயார்க், 1936. இரட்டை பிளேடு கத்தியால சதுரமா வெட்டி ஒட்டினார்.

இங்கதான் பலர் குழம்புறாங்க. ஆபரேஷனுக்கு அப்புறம் தடிமன் நார்மல்னு ரிப்போர்ட் வரும், எழுத்து மட்டும் கலங்கும். காரணம், தையல்கள் சமமில்லாம இழுக்கிறதுல வளைவு கோணலாகுது. கண்ணாடியோ, கெட்டியான கான்டாக்ட் லென்ஸோ பெரும்பாலும் தேவைப்படும்.

அப்போ தடிமனை ஏன் அளக்கணும்? கார்னியாவின் உள்பக்கம் எண்டோதீலியம்னு ஒரே அடுக்கு செல்கள், தண்ணீரை வெளியே பம்ப் பண்ணிட்டே இருக்கும். நம்ம உடம்புல அவை திரும்ப வளராது. குறைஞ்சா கார்னியா ஊறி, தடித்து, மங்கும். நம்ம பாஷையில, தடிமன் ஒரு சர்வர் மானிட்டர்; ஆப் நல்லா ஓடுதான்னு அது சொல்லாது.

கெரட்டோகோனஸ்ல இந்தச் செல்கள் பொதுவா நல்லாத்தான் இருக்கும். அதை ஏன் வெட்டித் தூக்கணும்? 2002-ல அன்வரும் டைக்மனும் வெளியிட்ட முறையில, காத்துக்குமிழியால அடுக்கைப் பிரிச்சு, முன்பகுதியை மட்டும் மாத்தறாங்க. எனக்கு இந்த வரலாற்றுலேயே பிடிச்ச ஐடியா இதுதான்.

ஒட்டு வைத்தவங்க கவனத்துக்கு: திடீர்னு சிவப்பு, வலி, மங்கல் வந்தா அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்காதீங்க. அன்னைக்கே டாக்டரைப் பாருங்க.