மஞ்சள் வீதியும் ஜாம் போத்தல் விளக்கும்

வீதி விளக்குகளின் வரலாற்றை எழுதுவோர், விளக்கு ஏற்றப்பட்ட ஆண்டிலிருந்தே அநேகமாகத் தொடங்குவர். யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பொறுத்தவரை, விளக்கு அணைந்த ஆண்டிலிருந்து தொடங்குவதே பொருத்தமாகும்.

1990 யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டதைத் தொடர்ந்து குடாநாட்டுக்கான மின்சாரம் நின்றுபோயிற்று. காங்கேசன்துறை வீதி, பலாலி வீதி, பருத்தித்துறை வீதி, கண்டி வீதி எனப் பெருந்தெருக்கள் யாவும் இருண்டன. மண்ணெண்ணெயும் பொருளாதாரத் தடைக்கு உட்பட்டு, விலை பன்மடங்கு ஏறியது. அந்த நெருக்கடியிலே பிறந்ததுதான் ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியிற் சிறிது பஞ்சு, அதில் ஊறுமளவு மண்ணெண்ணெய், ஒரு மெல்லிய திரி. போத்தலின் சுவரே காற்றைத் தடுக்கும் சிம்னியாயிற்று. அந்தச் சுடரைச் சுற்றியிருந்து படித்தே ஒரு தலைமுறை பரீட்சை எழுதியது.

வீட்டுக்குள் அந்த விளக்காவது இருந்தது, வீதிக்கு எதுவுமில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்து, கண்டி வீதி வழியே நாவற்குழிப் பாலத்தை நோக்கி மழையில் நடந்தபோது, அந்தப் பெருந்தெருவில் ஒரு விளக்கும் எரியவில்லை.

அக்காலத்தில் புலம்பெயர்ந்து லண்டன் சேர்ந்தவர்களை வரவேற்றதோ முற்றிலும் வேறான இரவு. ஆங்கு வீதிகள் விடியும்வரை மஞ்சளாக ஒளிர்ந்தன. அவற்றுட் பல, குறை அழுத்த சோடியம் விளக்குகள். பிலிப்ஸ் நிறுவனம் இவற்றை 1932இல் நெதர்லாந்தின் பேக், கெலேன் ஆகிய ஊர்களுக்கு இடையிலான வீதியில் நிறுவியது. அதே ஆண்டில் லண்டனுக்குத் தெற்கே குரோய்டனின் பேர்லி வே வீதியிலும் அவை ஏற்றப்பட்டன. பின்னாளில் ஈழத்தமிழர் பலர் குடியேறிய இடங்களில் குரோய்டனும் ஒன்று என்பது வரலாற்றின் தற்செயல்.

இவ்விளக்கு ஏற்றியவுடன் குழாயிலுள்ள நியோன் வாயுவினாற் செந்நிறமாகத் தோன்றும். சில நிமிடங்களில் சோடியம் ஆவியாகி மஞ்சளாக மாறும். அதன் ஒளி ஏறத்தாழ முழுவதும் 589 நனோமீற்றர் என்ற ஒரே அலைநீளத்தில் அடங்கியது. ஆதலால் அதன் கீழ் நிறங்கள் பிரிந்து தெரியா. சிவப்புச் சேலையும் பச்சைச் சேலையும் ஒன்றுபோலவே மங்கித் தோன்றும். இழை எரியும் சாதாரணக் குமிழ் ஒரு வாற்றுக்குச் சுமார் 15 லூமன் ஒளி தர, இது 200 லூமன்வரை தரவல்லது. நிறத்தைக் கொடுத்துச் சிக்கனத்தை வாங்கிய விளக்கு எனலாம்.

இலங்கை நகர வீதிகளில் மஞ்சளாகத் தெரிந்தவற்றுட் பெரும்பாலானவை இதன் உறவான உயர் அழுத்த வகையே. 2009இல் போர் முடிந்து சில ஆண்டுகளின் பின்னரே குடாநாடு தேசிய மின்தொகுப்புடன் மீண்டும் இணைக்கப்பட்டது. அதற்குள் உலகம் எல்ஈடி விளக்கின் வெண்ணொளிக்கு மாறத் தொடங்கிவிட்டது. குறை அழுத்த வகையின் உற்பத்தியையும் பிலிப்ஸ் 2020ஐ ஒட்டிக் கைவிட்டது. ஐரோப்பாவில் ஆங்காங்கே எஞ்சியிருப்பவை, பழுதடைந்தால் மாற்றுக் குமிழ் கிடைக்காமல் அணைந்துபோகும்.

ஆயினும் அந்த மஞ்சள் விளக்கைச் சேகரித்துப் பேண மேலைநாடுகளில் ஆர்வலர் உளர். எந்த வீதியில், எந்த ஆண்டில் எரிந்தது என்றுகூட அவர்கள் குறித்து வைக்கின்றனர். நமது ஜாம் போத்தல் விளக்கோ மின்சாரம் வந்த மறுநாளே குப்பைக்குப் போயிற்று. வறுமையின் அடையாளம் என்று கருதி எறிந்துவிட்டோம். உண்மையில் அது ஒரு முற்றுகைக் காலத்தின் சான்றுப்பொருள். எந்த ஆவணத்துக்கும் குறைந்ததன்று.

உங்கள் வீட்டுப் பரணில் அப்படியொன்று இன்னும் கிடக்குமானால் எறிந்துவிடாதீர்கள். எந்த ஊரில், எந்த ஆண்டில், யார் படிக்க எரிந்தது என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி அதனுள்ளேயே போட்டு வையுங்கள்.