ஹெலன் கெல்லரும் ஓர் அல்ஜீப்ரா வினாத்தாளும்

ஹெலன் கெல்லர் என்றதும் நம் நினைவில் எழும் காட்சி ஒன்றுதான். குழாயடியில் ஒரு சிறுமி நிற்கிறாள். அவளுடைய ஒரு கையில் தண்ணீர் வழிய, மறு கையில் ஆசிரியை ஆன் சல்லிவன் ‘தண்ணீர்’ என்னும் சொல்லை எழுத்தெழுத்தாக விரலால் உணர்த்துகிறார். அது 1887-இல் நிகழ்ந்தது. அச்சிறுமி வளர்ந்து கல்லூரியில் நுழைவதற்காக எழுதிய தேர்வுகளைப் பற்றி நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குக் கல்விக்கூடங்கள் செய்து தரும் ஏற்பாடுகளின் வரலாற்றை அறிய விரும்புவோர்க்குக் குழாயடியைக் காட்டிலும் அத்தேர்வு அறையே அதிகம் கற்பிக்கிறது.

ஹார்வர்டு பல்கலைக்கழகம் அக்காலத்தில் பெண்களைச் சேர்ப்பதில்லை. அதனோடு இணைந்திருந்த ராட்கிளிஃப் மகளிர் கல்லூரியில் சேர ஹெலன் விரும்பினார். 1896-இல் அதற்கான ஆயத்தப் பள்ளியொன்றில் சேர்ந்தார். நுழைவுத் தேர்வுகள் இரு கட்டங்களாக நடைபெற்றன. முதற்கட்டம் 1897 ஜூன் 29 முதல் ஜூலை 3 வரை. பள்ளியின் தலைவர் ஆர்தர் கில்மன் வினாக்களை ஹெலனின் உள்ளங்கையில் விரல் எழுத்துகளால் உணர்த்தினார். தட்டச்சு இயந்திரத்தின் ஓசை பிறருக்கு இடையூறாகும் என்பதால் ஹெலனுக்குத் தனி அறை தரப்பட்டது. எழுதி முடித்த விடைகளைக் கில்மன் மீண்டும் கையில் உணர்த்த, அவர் பிழை திருத்திக்கொண்டார். எழுதிய பாடங்கள் அனைத்திலும் தேறினார். ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் சிறப்புத் தகுதியும் கிடைத்தது.

இரண்டாம் கட்டம் 1899 ஜூன் 29, 30 நாட்களில் நடந்தது. இம்முறை வினாத்தாளைச் சல்லிவன் உணர்த்துவதற்குக் கல்லூரி இசையவில்லை. உடனிருப்பவரே விடை சொல்லிவிட்டார் என்ற ஐயத்துக்கு இடம் தரலாகாது என்று கருதியிருக்கக்கூடும். ஹெலனுக்கு அத்தகைய ஐயம் புதிதன்று. பதினோரு வயதில் அவர் எழுதிய ஒரு கதை, பிறர் கதையின் தழுவல் என்று கண்டறியப்பட்டு, 1892-இல் பெர்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியில் விசாரணைக்கு உள்ளானவர் அவர்.

சல்லிவனுக்கு மாற்றாக ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது. பெர்கின்ஸ் பள்ளியின் ஆசிரியர் வைனிங் வினாத்தாள்களைப் பிரெய்லில் பெயர்த்துத் தருவார். ஏட்டளவில் இது குறையற்ற ஏற்பாடு. ஆனால் அன்று அமெரிக்காவில் வழங்கிய புள்ளியெழுத்து முறைகள் மூன்று: ஆங்கிலப் பிரெய்ல், அமெரிக்கப் பிரெய்ல், நியூயார்க் பாயிண்ட். மூன்றிலும் உரைநடையைத் தடையின்றிப் படிக்க ஹெலனால் முடியும். கணிதக் குறியீடுகளோ முறைக்கு முறை பெரிதும் வேறுபட்டவை. அல்ஜீப்ராவில் அவர் பயின்றிருந்தது ஆங்கிலப் பிரெய்ல் ஒன்றையே. தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு வைனிங் அனுப்பிய பழைய ஹார்வர்டு வினாத்தாள் ஒன்றைத் தொட்டுப் பார்த்தபோதுதான், அது அமெரிக்கக் குறியீட்டில் இருப்பது தெரியவந்தது. உடனே கடிதம் எழுதிக் குறியீட்டுப் பட்டியலை வரவழைத்தார். தேர்வுக்கு முந்தைய இரவிலும் அடைப்புக்குறிகளையும் மூலக் குறியையும் பிரித்தறிய இயலாமல் திணறினார். மறுநாள் சற்று முன்னதாகவே சென்று வைனிங்கிடம் விளக்கம் கேட்டுக்கொண்டு தேர்வில் அமர்ந்தார். கண்காணிப்பாளரோ ஹெலனோடு எவ்வகையிலும் உரையாட முற்படாத அயலார். எழுதியதைத் திரும்ப உணர்த்தவும் எவரும் இல்லை. இத்தனைக்குப் பின்னும் அவர் தேறினார்.

இங்கே எவரும் தீய எண்ணத்தோடு நடந்துகொள்ளவில்லை. கல்லூரி நேர்மையைக் காக்க விரும்பியது. பிரெய்ல் வினாத்தாளுக்கும் வழிசெய்தது. தம் தேர்வு எத்துணைக் கடினமாக்கப்பட்டது என்பதைக் கல்லூரியார் உணர்ந்திருக்கவில்லை என்றே ஹெலனும் பின்னர் எழுதினார். விடுபட்டது ஒன்றே: எந்த முறையில் கணிதம் பயின்றாய் என்று மாணவியிடம் எவரும் உரிய காலத்தில் கேட்கவில்லை. பார்வையற்றவர் என்றால் பிரெய்ல் என்று முடிவு செய்தவர்கள், எந்தப் பிரெய்ல் என்று எண்ணிப் பார்க்கவில்லை. வகைமைக்கு உதவி கிடைத்தது, ஆளுக்குக் கிடைக்கவில்லை.

1900-இல் ஹெலன் கல்லூரியில் சேர்ந்த பின்னரும் பெரும் சுமையைத் தாங்கியது நிறுவனம் அன்று. விரிவுரைகளைச் சல்லிவன் கையில் உணர்த்தினார். பிரெய்லில் கிடைத்த பாடநூல்கள் மிகச் சில. மற்றவற்றை அவரே படித்துச் சொன்னார். சிறு வயதில் கண்ணோயால் பார்வை குன்றியவர் சல்லிவன் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 1904-இல் ஹெலன் சிறப்புத் தகுதியுடன் இளங்கலைப் பட்டம் பெற்றார். பார்வையும் செவிப்புலனும் இழந்தவர் ஒருவர் அப்பட்டம் பெற்றது அதுவே முதன்முறை. நான்கு ஆண்டுகள் அத்தனை வகுப்புகளிலும் அமர்ந்திருந்த சல்லிவனுக்குப் பட்டம் ஏதுமில்லை.

இன்று இந்தியாவில் நிலைமை சட்டத்தின் சொற்களில் பெரிதும் மாறியிருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் முதலிய வசதிகளைச் செய்து தரும் கடமையை அரசின் மீதும் உள்ளாட்சி அமைப்புகளின் மீதும் சுமத்துகிறது. 2021 பிப்ரவரி 11 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பொன்று மேலும் ஒரு படி சென்றது. எழுதும்போது கை இறுகிப்போகும் குறைபாடுடைய ஒருவருக்கு, சட்டம் வகுத்த நாற்பது விழுக்காட்டு அளவை அவர் எட்டவில்லை என்று கூறிக் குடிமைப் பணித் தேர்வில் எழுத்தர் உதவி மறுக்கப்பட்டிருந்தது. அந்த அளவு எழுத்தர் உதவிக்கு நிபந்தனை ஆகாது என்ற நீதிமன்றம், தக்க ஏற்பாடு எது என்பதை உரியவரோடு கலந்து பேசியே முடிவுசெய்ய வேண்டும் என்றும் வலியுறுத்தியது.

1899-இல் கல்லூரி செய்யத் தவறியது இதைத்தான். விதிகளைப் படித்துப் பார்த்து வசதிகளைப் பட்டியலிடுவது எளிது. நம் கல்லூரிகளில் தேர்வுக்குச் சில வாரங்கள் முன்னரே மாணவரை அழைத்து, உனக்கு எது உதவும் என்று கேட்கும் வழக்கம் வேரூன்றினால், அறிவை அளக்க வைத்த தேர்வு குறியீட்டை அளந்துவிட்டு நின்றுபோகாது.