வாயுவைக் காணும் கதிரும் அதன் காவலும்

நிலக்கரிச் சுரங்கங்களில் தொடங்கி, இரசாயன ஆலைகளையும் எண்ணெய்க் கிணற்று மேடைகளையும் கடந்து, இன்று சமையல் எரிவாயுக் களஞ்சியங்கள் வரை வந்து சேர்ந்திருக்கும் வாயுக் கண்டறிதலின் வரலாறு, பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. ஆனால் அக்கருவிகள் எந்த இடத்தில் பொருத்தப்பட்டன, காற்று, தூசு, ஈரம் ஆகியவற்றிலிருந்து எவ்வாறு காக்கப்பட்டன என்பதையும் சேர்த்து நோக்கினாலன்றி, அவை எப்போது உயிர்காத்தன, எப்போது கைவிட்டன என்பது விளங்காது.

1815ஆம் ஆண்டில் ஹம்பிரி டேவி ஆக்கிய சுரங்க விளக்கில், சுடரைச் சுற்றியிருந்த நுண்ணிய கம்பிவலை வெப்பத்தை ஈர்த்துப் பரப்பியதால், உள்ளே எரிந்த வாயு வெளியே தேங்கியிருந்த மெதேனைப் பற்றவைக்கவில்லை. அவ்விளக்கே ஓர் அளவுகருவியாகவும் பயன்பட்டது. திரியைத் தாழ்த்தியதும் சுடரின்மேல் படியும் வெளிறிய நீல ஒளியின் உயரத்தைக் கண்டு, காற்றில் மெதேன் எவ்வளவு கலந்துள்ளது என்பதைத் தேர்ந்த தொழிலாளர் மதிப்பிட்டனர். எனினும் காற்றோட்டம் வலுத்த இடங்களில் சுடர் வலையைத் தாண்டிய விபத்துகளும், துருவேறிய வலைகளால் நேர்ந்த விபத்துகளும் நிகழ்ந்தமையால், பிற்கால விளக்குகளில் வலையைச் சுற்றி உலோகக் கவசம் அமைக்கப்பட்டது. அபாயத்தை அறிவிக்கும் கருவிக்கே ஒரு காவல் வேண்டும் என்ற பாடம் அங்கேயே தொடங்கிவிட்டது.

வாயுவைச் சுடரின்றியே காண வழிசெய்த அகச்சிவப்புக் கதிர், அதாவது கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர், 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷலால் கண்டறியப்பட்டது. 1859ஆம் ஆண்டில் இலண்டன் ரோயல் இன்ஸ்ரிரியூஷனில் ஆய்வைத் தொடங்கிய ஜோன் டிண்டல், ஒட்சிசனும் நைதரசனும் அக்கதிரை ஏறத்தாழத் தடையின்றி விட்டுவிட, காபனீரொட்சைட்டு, நீராவி, மெதேன் போன்றவை அதை உறிஞ்சுகின்றன என்று காட்டினார். கண்ணாடி அக்கதிரின் பெரும்பகுதியை மறித்துவிடும் என்பதால், அவர் தமது குழாயின் இரு முனைகளையும் பளபளப்பாக்கிய கல்லுப்புத் தகடுகளால் மூடினார். ஈரத்தை ஈர்க்கும் இயல்புடைய அத்தகடுகளை உலர்வாக வைத்திருப்பதும் ஆய்வின் ஒரு பகுதியாயிற்று. இன்றைய உணரிகளில் அவ்விடத்தைப் பெரும்பாலும் நீலக்கற் படிகம் பிடித்துள்ளது. ஆயினும் ஈரத்தைப் பற்றிய கவலை மாறவில்லை.

ஜேர்மனியின் ஐ.ஜி. ஃபார்பன் நிறுவனத்தில் எர்வின் லேரரும் கார்ல் ஃபிரீட்ரிஷ் லுஃப்ற்றும் 1938ஆம் ஆண்டில் உருவாக்கிய ஊரஸ் எனும் பகுப்பாய்வுக் கருவி, வாயுக்கள் அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சும் இயல்பைத் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்தது. 1958ஆம் ஆண்டு முதல் ஹவாயின் மௌனா லோவாவில் சார்ல்ஸ் கீலிங் வளிமண்டலக் காபனீரொட்சைட்டை அளந்ததும் அகச்சிவப்புப் பகுப்பாய்வுக் கருவியைக் கொண்டே ஆகும். ஆயினும் எரிவாயு எச்சரிக்கைக்கு நெடுங்காலம் பரவலாகப் பயன்பட்டது, பிளாற்றினக் கம்பிச் சுருளைச் சுற்றிய ஊக்கி மணியில் வாயுவை எரித்து அறியும் உணரியே. சிலிக்கோன் ஆவியோ ஈயச் சேர்வையோ படிந்தால் அது செயலிழந்துவிடும். செயலிழந்ததை அது அறிவிப்பதும் இல்லை.

இந்தியாவின் போபாலிலிருந்த இரசாயன ஆலையில் 1984 டிசெம்பர் 2ஆம் திகதி இரவு நச்சுவாயு கசிந்தபோது, ஆலைத் தொழிலாளர் கசிவை அறிய நம்பியிருந்தது தம் கண்ணெரிச்சலையே என்பதும், 1988 யூலை 6ஆம் திகதி வட கடலின் பைப்பர் அல்பா எண்ணெய் மேடையில் வாயு கசிந்து வெடித்ததில் 167 பேர் மாண்டனர் என்பதும், தொடர்ந்து காவலிருக்கும் கருவியின் தேவையை உலகுக்கு உணர்த்தின. 1990களில் கடல் மேடைகளில் அகச்சிவப்பு உணரிகள் பெருகின. இவ்வுணரி இரு அலைநீளங்களில் ஒளியைச் செலுத்துகிறது, ஏறத்தாழ 3.3 மைக்குரோமீற்றரிலுள்ள ஒன்றை ஐதரோகாபன் வாயுக்கள் உறிஞ்ச, மற்றையது தீண்டப்படாமல் ஒப்பீட்டுக்கு நிற்கிறது. சாளரத்தில் அழுக்குப் படிந்தால் இரண்டும் ஒருசேர மங்குவதால் வாசிப்பு பெரிதும் பிறழாது. மிகவும் மங்கினால் உணரி தானே பழுதென்று அறிவிக்கும். ஆனால் ஐதரசனை இதனால் காண இயலாது.

பொருத்தும் முறை வாயுவின் எடையைச் சார்ந்தது. காற்றைவிட இலேசான மெதேனுக்கு உணரி கூரையடியிலும், காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமான புரொப்பேனுக்கும் ஏறத்தாழ இரு மடங்கு கனமான பியூட்டேனுக்கும் தரையிலிருந்து சுமார் 30 சென்ரிமீற்றர் உயரத்திலும் அமைவது வழக்கம். நீரும் தூசும் சாளரத்தில் தங்காதபடி கதிர்ப்பாதை கிடையாக இருக்க வேண்டும். மழைக்கவசமும் நீர்விலக்கும் வடிகட்டியும் வேண்டும். பனி படியாதவாறு சாளரத்தைச் சற்றே சூடாக வைத்திருக்கும் அமைப்பும் வேண்டும். சிலந்திவலை, சுவருக்குப் பூசும் வர்ணம், கழுவும் நீர்த்தாரை ஆகிய மூன்றும் கவசத்தின் துளைகளை அடைத்துவிடும். அவ்வாறு அடைபட்டால் உள்ளே ஒளி தெளிவாகவே இருக்கும், வெளியிலுள்ள வாயுவோ உட்புகாது. உணரியும் குறையேதும் காட்டாது. ஆகவேதான், அளந்த வாயுவைக் குறித்த காலத்துக்கொருமுறை செலுத்திப் பார்க்கும் அளவுத்திருத்தம் இன்றியமையாததாகிறது.

இலங்கையில் 2021ஆம் ஆண்டின் இறுதியில் சமையல் எரிவாயு வெடிப்புகள் வீடுகளை அச்சுறுத்தியபோது, சிலிண்டரிலுள்ள புரொப்பேன், பியூட்டேன் ஆகியவற்றின் கலப்பு விகிதமே விவாதத்தின் மையமாயிற்று. புரொப்பேன் கூடினால் சிலிண்டரின் உள்ளழுத்தமும் கூடும் என்பதால், பழுதான இணைப்புகளின் வழியே கசிவும் மிகும். இவ்வாயு காற்றில் ஏறத்தாழ 2 சதவீதம் கலந்தாலே தீப்பற்றும்.

கண்டியிலிருந்து மாத்தளை செல்லும் வீதியில், சுமார் 10 கிலோமீற்றர் தொலைவில், கடைத்தெருவாலும் வணிகத்தாலும் பெயர்பெற்ற அக்குறணையில் உணரியைப் பொருத்தும் விதிகள் ஒரு சிக்கலைச் சந்திக்கின்றன. பிங்கா ஓயா எனும் ஆறு பெருக்கெடுக்கும் மழைக்காலங்களில் நகரின் கடைகளுக்குள் வெள்ளம் புகுவது பலமுறை நேர்ந்துள்ளது. கனமான வாயு உணரியைத் தரையருகே வேண்டி நிற்க, வெள்ளமோ அதை மேலே உயர்த்தச் சொல்கிறது. உணரியை மட்டும் உயர்த்தினால் கீழே தேங்கும் வாயு அதற்குத் தென்படாது. ஆதலால் சிலிண்டர் வைக்கும் மேடையையே வெள்ளமட்டத்துக்கு மேலே காற்றோட்டமுள்ள இடத்தில் எழுப்பி, அம்மேடையிலிருந்து 30 சென்ரிமீற்றர் உயரத்தில் உணரியைப் பொருத்துவதே தக்க வழி. சிலிண்டர்களை நிறையச் சேமிக்கும் உணவகங்களும் வெதுப்பகங்களும் உணரியை வாங்குமுன் இவ்விடத்தை அமைத்துக்கொள்ள வேண்டும்; வாங்கிய பின்னர் அதன் கவசத்தைத் துடைப்பதையும் வாயு செலுத்திச் சோதிப்பதையும் பெயர் குறித்து ஒருவரின் பொறுப்பில் விட வேண்டும்.