பசலி ஆண்டும் பட்டப்படிப்பும்: அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் வரலாற்று மாணவருக்கான பணியிட ஆண்டு

வரலாற்றுப் பட்டப்படிப்பின் நடுவில் மாணவர் ஓராண்டு வகுப்பை விட்டு வெளியே போய், ஆவணக் காப்பகத்திலோ அருங்காட்சியகத்திலோ ஓர் அலுவலகத்திலோ வேலை பார்த்துவிட்டு, கடைசி ஆண்டுக்கு மறுபடி வகுப்புக்கு வருவது பணியிட ஆண்டு எனப்படும். இந்த ஏற்பாடு முதலில் பொறியியலுக்காக உண்டானது. 1906இல் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் மாணவர்களைப் பட்டறைக்கும் வகுப்புக்கும் மாற்றி மாற்றி அனுப்பினார். பிரிட்டனில் இதன் இன்னொரு வடிவத்துக்கு, படிப்புக்கு நடுவே வேலையை வைத்திருப்பதால், சாண்ட்விச் படிப்பு என்று பெயர். இன்று அங்குள்ள பல பல்கலைக்கழகங்களின் வரலாற்றுத் துறைகளும் இரண்டாண்டு படிப்பு, ஓராண்டு பணி, மீண்டும் ஓராண்டு படிப்பு என்ற நான்காண்டுப் பட்டத்தை வழங்குகின்றன. அதற்கு அவை சொல்லும் காரணம் பெரும்பாலும் வேலைவாய்ப்புதான். அருப்புக்கோட்டை, திருச்சுழி போன்ற வானம் பார்த்த பூமியில் அந்தக் காரணம் அவ்வளவாக எடுபடாது. வரலாறு படித்தவரைத் தேடிவந்து வேலைக்கு அமர்த்தும் நிறுவனங்கள் இங்கே அரிது. ஆனால் ஆவணம் எப்படிப் பிறக்கிறது என்பதை மாணவர் கண்ணால் பார்த்துக் கற்க இந்த வட்டாரத்தைப்போல் வசதியான இடமும் அரிது. பணியிட ஆண்டுக்கான வலுவான நியாயம் அங்கேதான் இருக்கிறது.

தமிழ்நாட்டில் பி.ஏ. வரலாறு மூன்றாண்டுப் படிப்பு. பல்கலைக்கழக மானியக் குழு 2020இல் தொழிற்பழகுநர் பயிற்சியை உள்ளடக்கிய பட்டப்படிப்புகளுக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. மொத்த மதிப்புப் புள்ளிகளில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு பயிற்சிக்கு உரியது என்பது அதன் சாரம். 2022 டிசம்பரில் வந்த இளநிலைப் பாடத்திட்டச் சட்டகம் கோடைக்காலப் பணிப்பயிற்சிக்கு 2 முதல் 4 வரை மதிப்புப் புள்ளிகள் ஒதுக்கியது. நடைமுறையில் வரலாற்று மாணவருக்குக் கிடைப்பது கோடை விடுமுறையில் சில வாரங்களும் ஒரு சான்றிதழும்தான்.

வேலையின் வழியே வரலாறு கற்பது தமிழ் நிலத்துக்குப் புதிதல்ல. 1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் நடத்திய அகழாய்வு மாணவர்களுக்கான பயிற்சிக் களமாகவும் இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு தட்சசீலத்தில் அவர் நடத்திய பயிற்சிப் பள்ளியிலிருந்து பி.பி. லால் உள்ளிட்ட அடுத்த தலைமுறைத் தொல்லியலாளர்கள் வந்தார்கள். 1970களில், இரா. நாகசாமி இயக்குநராக இருந்த காலத்தில், மாநிலத் தொல்லியல் துறை கல்வெட்டியலுக்கென ஒரு நிறுவனத்தைத் தொடங்கியது. அங்கே கல்வெட்டு வாசிப்பும் களப்பணியும் பாடத்தின் பகுதிகளே. ஆனால் அது பட்டத்துக்குப் பிறகு, தேர்ந்தெடுத்த சிலருக்கு. பட்டப்படிப்பில் இருக்கும் சாதாரண மாணவரை அது எட்டவில்லை.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டங்கள் இன்று விருதுநகர் மாவட்டத்தில் உள்ளன. 1985 வரை இவை இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. அதற்கும் முன்னே பார்த்தால் இந்நிலத்தின் பெரும்பகுதி இராமநாதபுரம் ஜமீனைச் சேர்ந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி 1803இல் அந்த ஜமீனுக்கு நிரந்தர வரித்திட்டத்தின்கீழ் சனது என்னும் உரிமைப் பத்திரம் வழங்கியது. 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டப்படி 1949இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. அரசு குடியானவரிடம் நேரடியாக வரி வாங்கிய ரயத்துவாரி ஊர்களில் நூறாண்டுக்கு மேல் தொடர்ச்சியாகக் கிடைக்கும் அரசு நிலப்பதிவேடு ஜமீன் ஊர்களில் அப்படிக் கிடைக்காது. இங்கே நிலத்தின் கதை ஜமீன் கணக்கு, நீதிமன்ற வழக்கு, கோயில் கல், குடும்பப் பத்திரம் என்று சிதறிக் கிடக்கிறது. பாடநூலில் ஒரே வரியில் முடிந்துவிடும் ஜமீன் ஒழிப்பு, வட்டாட்சியர் அலுவலகப் பதிவறையில் சர்வே எண்கள் மாறிய பட்டியலாக, ஒரே நிலத்துக்கு இரண்டு பெயர்களாக எதிர்ப்படும்.

இந்தப் பதிவுகளைப் பராமரிக்கும் அறிவு நெடுங்காலம் குடும்பச் சொத்தாக இருந்தது. ஊர்க் கணக்கரான கர்ணத்தின் மகன் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து கணக்கெழுதப் பழகினான். ஒரு வகையில் அதுவும் பணியிடப் பயிற்சிதான். பிறப்பால் மட்டுமே கிடைத்த பயிற்சி. 1980 நவம்பரில் பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகள் ஒழிக்கப்பட்டு, தேர்வின் வழியே கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தனர். பதவி எல்லோருக்கும் திறந்தது. ஆனால் பழைய கணக்கை வாசிக்கும் பழக்கம் அதோடு கைமாறவில்லை. கல்லூரிகளும் அந்த வேலையை எடுத்துக்கொள்ளவில்லை.

அடங்கலை எடுத்துக்கொள்ளலாம். ஒரு கிராமத்தில் எந்தச் சர்வே எண்ணில், எவ்வளவு பரப்பில், என்ன பயிர் நிற்கிறது என்று ஒவ்வொரு பசலிக்கும், அதாவது வருவாய்க் கணக்கு ஆண்டுக்கும், எழுதப்படும் கணக்கு அது. வறள்நில ஊர் ஒன்றின் அடங்கலைப் புரட்டினால் ‘தரிசு’ என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வரும். அதை மட்டும் எண்ணுகிற ஆய்வாளர் வேளாண்மை கைவிடப்பட்டது, மக்கள் ஊரைவிட்டுப் போனார்கள் என்று எழுதிவிட முடியும். அதே சர்வே எண்ணை நேரில் போய்ப் பார்த்தால் சீமைக்கருவேலம் ஆளுயரத்துக்கு மேல் அடர்ந்து நிற்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை வெட்டி, கட்டைகளை அடுக்கி, மண்ணும் கூளமும் போட்டு மூடி, மூட்டம் போடுகிறார்கள். கரி மூடைமூடையாக லாரி ஏறுகிறது. பட்டாதாரருக்குப் பணம் வருகிறது, வெட்டுபவருக்குக் கூலி கிடைக்கிறது. அடங்கல் பொய் சொல்லவில்லை. கருவேலங்கரியைப் பயிராகக் கேட்கும் கட்டம் அதில் இல்லை, அவ்வளவுதான். ஆவணத்தின் மௌனம் என்று ஆய்வுமுறையியல் வகுப்பில் ஒரு மணி நேரம் விளக்கப்படும் கருத்து, இங்கே ஒரு பதிவேட்டையும் ஒரு மூட்டத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தவருக்கு ஒரே பகலில் விளங்கிவிடும்.

இதற்குச் சில வாரங்கள் போதாதா என்ற கேள்வி எழும். போதாது என்பதற்குப் பசலியே விடை. பசலி ஆண்டு ஜூலை 1இல் தொடங்கி அடுத்த ஜூன் 30இல் முடிகிறது. அது தொடங்கும் ஆங்கில ஆண்டில் 590ஐக் கழித்தால் பசலி எண் வரும். 2025 ஜூலையில் தொடங்கியது 1435ஆம் பசலி. ஆடி, ஆவணியில் உழுது, வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைத்து, ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் பெருகுமா என்று பார்த்து, தை, மாசியில் அறுத்து, மிளகாய் வற்றலைக் களத்தில் காயப்போட்டு முடிக்கும் ஒரு சுற்று அதற்குள் அடங்குகிறது. கணக்கும் அதே சுற்றில்தான் எழுதப்படுகிறது. இறுதியில், பெரும்பாலும் மே, ஜூனில், ஜமாபந்தி வரும். ஃபிர்கா வாரியாகக் கிராமக் கணக்குகள் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு வந்து, தணிக்கையாகி, கையொப்பம் பெறும். அதே நாளில் பட்டா மாறுதலுக்கும் ஓடை ஆக்கிரமிப்புக்கும் மனுக்கள் குவியும். கோடைப் பயிற்சிக்கு வரும் மாணவருக்கு இந்தக் கடைசிக் காட்சி மட்டும் கண்ணில் படலாம். விதைப்பின்போது எழுதிய வரி மழை பொய்த்தபின் எப்படித் திருத்தப்பட்டது, அந்தத் திருத்தம் ஜமாபந்தி மேசையில் எப்படிச் சரியென ஏற்கப்பட்டது என்று தொடர்ந்து பார்க்க ஒரு முழுப் பசலி வேண்டும். ஜூன், ஜூலையில் திறந்து ஏப்ரல், மேயில் முடியும் கல்லூரி ஆண்டோடு அது ஏறக்குறைய ஒத்துப்போவது தற்செயலான வசதி.

கல்வெட்டுப் பணியில் காலக்கணக்கு வேறு, பாடம் அதுவே. திருச்சுழிக்கு அருகே குண்டாற்றங்கரையில் உள்ள பள்ளிமடம் காளநாதசுவாமி கோயிலில் பாண்டியர் கால வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உள்ளன. அருப்புக்கோட்டைப் பகுதியில் உள்ள குறண்டியில் திருக்காட்டாம்பள்ளி என்ற பெரிய சமணப் பள்ளி இருந்தது. அதன் துறவிகளின் பெயர்கள் மதுரைச் சமணர்மலையிலும் கழுகுமலையிலும் பொறிக்கப்பட்டிருப்பதால் அதன் செல்வாக்கு தெரியவருகிறது. அந்தக் குறண்டிப் பள்ளியைக் குறிக்கும் கல் பள்ளிமடம் சிவன் கோயிலின் கட்டுமானத்தில் கிடைக்கிறது. பள்ளி இடிக்கப்பட்டதா, தானாகச் சிதைந்தபின் கற்கள் எடுத்து வரப்பட்டனவா? அச்சிட்ட வாசகத்தை மட்டும் படித்து இரண்டில் ஒன்றை அடித்துச் சொல்பவர்கள் உண்டு. கல்லின் முன் நிற்பவர் அவ்வளவு எளிதில் சொல்லமாட்டார். வரி கல்லின் விளிம்பில் அறுபட்டிருக்கிறதா, அடுத்த கல்லில் தொடர்கிறதா, எழுத்து தலைகீழாக இருக்கிறதா, கல் பிறகு செதுக்கிக் குறைக்கப்பட்டதா என்று முதலில் பார்க்க வேண்டியிருக்கும்.

மைப்படி எடுப்பது அந்தப் பார்வைக்கான பயிற்சி. கல்லைக் கழுவி, பாசியையும் பழைய சுண்ணாம்பையும் நாரால் தேய்த்து, நனைத்த தாளை ஒட்டி, தூரிகையால் குத்திக்குத்தி எழுத்துப் பள்ளங்களில் தாளை இறக்க வேண்டும். பிறகு துணிப் பந்தில் மையைத் தொட்டு மெல்ல ஒற்றினால் மேடு கறுக்கும், பள்ளம் வெள்ளையாக நிற்கும். ஒற்றும் நேரத்தில் தாள் அதிகம் காய்ந்தால் பிரிந்துகொள்ளும், ஈரம் மிஞ்சினால் மை கசியும். பங்குனி வெயிலில் இந்த இடைவெளி சில நிமிடங்கள்தான். பிந்தைய வட்டெழுத்தில் பகரமும் வகரமும் ஒன்றுபோலவே தோன்றும், புள்ளியும் இருக்காது. அச்சில் உறுதியாகத் தெரியும் ஒரு சொல்லுக்குப் பின்னால் எத்தனை ஊகங்கள் உள்ளன என்பது அப்போதுதான் தெரியும்.

திருச்சுழியின் புகழ்பெற்ற மகன் ரமண மகரிஷி 1879இல் பிறந்தார். அவருடைய தந்தை சுந்தரமய்யர் கணக்கரிடம் எழுத்தராகச் சேர்ந்து, மனு எழுதுபவராகி, பின்னர் வக்கீலாகத் தொழில் நடத்தியவர். ஆன்மிக வரலாற்றில் இது ஓரக் குறிப்பு. சமூக வரலாற்று மாணவருக்கு இதுவே முக்கியம். பத்தொன்பதாம் நூற்றாண்டு இராமநாதபுரம் சீமையைப் பற்றிய ஆய்வுகள் பெரிதும் நம்பியிருக்கும் மனுக்களும் வழக்குப் பத்திரங்களும் குடியானவரின் குரல் என்று மேற்கோள் காட்டப்படுகின்றன. அவை குடியானவர் சொல்ல, கூலிக்கு எழுதுபவர் சட்ட நடையில் எழுதியவை. இன்றும் வட்டாட்சியர் அலுவலக வாசலில் சிறு மேசை போட்டு மனு எழுதுபவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். வந்தவர் பத்து நிமிடம் சொல்லும் பங்காளிச் சண்டை நான்கு வரியில் எப்படிச் சுருங்குகிறது என்பதை அங்கே அரை நாள் நின்று கவனிக்கலாம்.

கைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்களின் கூலிப் பதிவேடும் தீர்மானப் புத்தகமும் இதே வகைப் பாடத்தைத் தரும். அருப்புக்கோட்டையின் நெசவு வரலாற்றை எழுத அவற்றைவிட நல்ல மூலம் இல்லை. கண்மாயைப் பொறுத்தவரை, குடிமராமத்து என்ற சொல்லே எச்சரிக்கையோடு அணுகத்தக்கது. ஊரார் கூடிச் செய்த பொதுவேலை என்று அது இன்று பெருமையாக நினைவுகூரப்படுகிறது. ஆனால் அவசர காலத்தில் ஆட்களைக் கட்டாயமாக அழைக்க 1858இலேயே சென்னை மாகாணத்தில் சட்டம் இயற்றப்பட்டது. கலிங்கும் மடையும் பார்க்கப் போகிற மாணவர் யார் மண் சுமந்தார்கள், யார் வயலுக்கு முதலில் தண்ணீர் போனது என்று கேட்கக் கற்றுக்கொண்டால் போதும்.

இம்முறைக்கு எதிரான வாதங்களில் ஒன்று எளிது, இன்னொன்று கடினம். வரலாறு நூலகத்தில் கற்க வேண்டிய துறை, அதை அலுவலக வேலையோடு கலந்தால் நீர்த்துப்போகும் என்பது எளியது. மேலே சொன்ன அடங்கலும் மைப்படியும் அதற்குப் பதில். கடினமானது, பயிற்சி என்ற பெயரில் மலிவான உழைப்பைப் பெறுவது. 2024 நவம்பரில் தமிழ்நாட்டில் மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்புக்கு வேளாண் கல்லூரி மாணவர்கள் வயல்களுக்கு அனுப்பப்பட்டபோது, இது கல்வியா அரசின் ஆள்பற்றாக்குறைக்கு ஈடா என்ற விமர்சனமும் அவர்களின் பாதுகாப்பு பற்றிய கேள்வியும் எழுந்தன. வரலாற்று மாணவர் தாலுகா அலுவலகத்தில் ஓராண்டு நகலெடுக்கவும் தட்டச்சு செய்யவும் மட்டும் பயன்பட்டால் அதுவும் அதே கதைதான். வாரத்தில் இரண்டு நாளாவது சொந்த ஆய்வுக்குப் பதிவறையைத் திறந்துவிடுவதும், மாதம் ஒருமுறை துறை ஆசிரியர் நேரில் வந்து பார்ப்பதும் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்.

பணம் அதைவிடப் பெரிய தடை. இங்குள்ள கல்லூரிகளுக்கு வரும் மாணவிகளில் விடியலுக்கு முன்பே மல்லிகை பறித்துவிட்டுப் பேருந்து ஏறுபவர்கள் உண்டு. மாலையில் வீட்டுத் தறிக்குத் தார் சுற்ற வேண்டியவர்களும் உண்டு. பட்டத்தை ஓராண்டு தள்ளிப்போடுவது அந்த வீடுகளுக்கு ஓராண்டு வருமானத்தைத் தள்ளிப்போடுவது. இங்கிலாந்தில் பணியிட ஆண்டுக்கு வழக்கமான கட்டண உச்சவரம்பில் 20 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்ற விதி உண்டு. இந்தியாவில் 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ் 2019இல் திருத்தப்பட்ட விதிகள் பட்டநிலைப் பழகுநருக்கு மாதம் 9,000 ரூபாயைக் குறைந்தபட்ச உதவித்தொகையாக வைத்தன. அதில் பாதியை மத்திய அரசு ஈடுசெய்யும் திட்டமும் இருக்கிறது. தொழிற்சாலைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட இந்த ஏற்பாட்டை ஆவணக் காப்பகம், கோயில் அலுவலகம், கூட்டுறவுச் சங்கம் ஆகியவற்றுக்கும் நீட்டாவிட்டால், பணியிட ஆண்டு வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமே உரியதாகிவிடும்.

இங்கே வரலாறு எடுப்பவர்களில் கணிசமானோர் அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வுகளை மனத்தில் வைத்தே எடுக்கிறார்கள் என்பதையும் மறைக்கத் தேவையில்லை. பணியிட ஆண்டின் உண்மையான போட்டி, தேர்வுப் பயிற்சி மையம். அதே மாணவர்களில் சிலர் நாளைக்குக் கிராம நிர்வாக அலுவலராகவோ வருவாய்த் துறை உதவியாளராகவோ ஆகி, அடுத்த நூற்றாண்டின் வரலாற்றாசிரியருக்கான மூலங்களை எழுதப்போகிறவர்கள். தரிசு என்ற சொல்லுக்குப் பின்னே என்ன இருக்கிறது என்று தெரிந்தவர் எழுதும் அடங்கலில் குறிப்புக் கட்டமாவது நிரம்பியிருக்கும்.

ஆண்டு முடிந்து திரும்பும் மாணவரை எப்படி மதிப்பிடுவது என்பது மிச்சமிருக்கும் நடைமுறைக் கேள்வி. வருகைப்பதிவும் அலுவலர் தரும் நன்னடத்தைக் கடிதமும் எதையும் காட்டமாட்டா. தான் கையாண்ட ஒரே ஓர் ஆவணத் தொகுதிக்கு, அதை யார் எழுதினார், யாருக்காக, எந்தக் கட்டங்களோடு, எப்போது திருத்தினார் என்ற விவரங்களோடு விளக்க அட்டவணை தயாரிக்கச் சொல்லலாம். கடைசி ஆண்டு ஆய்வேடு அந்தத் தொகுதியிலிருந்தே எழுதப்பட வேண்டும். அட்டவணையின் ஒரு படி கல்லூரி நூலகத்துக்கும் இன்னொரு படி ஆவணம் இருக்கும் அலுவலகத்துக்கும் போனால், அடுத்த பசலியில் வரும் மாணவர் முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.